ஃப்ளூரின் பீக் குறைந்தால் டிடெக்டர் கெட்டுவிட்டதா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஜி.சி.யில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராஃப் கருவி) இ.சி.டி. டிடெக்டரின் (எலெக்ட்ரானைப் பிடிக்கும் பொருள்களைக் கண்டறியும் எலெக்ட்ரான் கேப்சர் டிடெக்டர்) வெப்பநிலையை 200-லிருந்து 350 டிகிரிக்கு ஏற்றினேன். இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) போடும் ஹெக்சாஃப்ளூரோபென்சீனின் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. குளோரின் உள்ள பூச்சிக்கொல்லியான லிண்டேனின் பீக் அப்படியே இருக்கிறது. டிடெக்டரைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். லிண்டேன் குறையவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே போதும், டிடெக்டர் நன்றாக இருக்கிறது. அழுக்கோ காற்றுக் கசிவோ இருந்தால் இரண்டு பீக்கும் சேர்ந்து அடிவாங்கியிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். டிடெக்டருக்குள் இருக்கும் கதிரியக்க நிக்கல்-63 வெளியிடும் பீட்டா கதிர்கள் நைட்ரஜனில் மோதி, மெதுவாக நகரும் எலெக்ட்ரான்களை உண்டாக்குகின்றன. வந்து சேரும் மூலக்கூறு அவற்றில் எவ்வளவைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பீக்.

வெறும் பென்சீனில் எலெக்ட்ரான் நிற்காது. ஆறு ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு ஃப்ளூரின் வைத்தால் நிற்கும். எலெக்ட்ரான் ஏறியதும் அந்தத் தட்டையான மூலக்கூறு நெளிகிறது. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்புகள் வளையத்தின் தளத்தை விட்டு மேலும் கீழுமாக விலகுகின்றன. ஆனால் பிடி அவ்வளவு பலமில்லை, 1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) குறைவு. 200 டிகிரியில் அது தாங்கும். 350-க்குப் போனால் எலெக்ட்ரான் கழன்றுபோகும் வேகம் பல பத்து மடங்கு கூடிவிடுகிறது. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பீக் எங்கிருந்து வரும்?

அப்படியானால் குளோரின் சேர்மங்கள் ஏன் தப்பிக்கின்றன? அவை எலெக்ட்ரானை வாங்கியதும் உடைந்துவிடுகின்றன. குளோரைடு அயனி பிரிந்து போனபின் எலெக்ட்ரான் திரும்பி வர வழியில்லை. கணக்கைப் பாருங்கள்: குளோரோபென்சீனில் கார்பன்-குளோரின் பிணைப்பை முறிக்கச் சுமார் 4.1 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். குளோரின் அணு எலெக்ட்ரானை வாங்கும்போது 3.6 திரும்பக் கிடைக்கிறது. குறைவது அரை எலெக்ட்ரான் வோல்ட்தான், சூடு அதை ஈடுகட்டும். லிண்டேன் போன்றவற்றில் பிணைப்பு இன்னும் பலவீனம், முறிவது இன்னும் சுலபம். ஃப்ளூரோபென்சீனிலோ செலவு சுமார் 5.4, வரவு 3.4. அந்த 2 எலெக்ட்ரான் வோல்ட் பள்ளத்தை டிடெக்டர் சூட்டால் தாண்ட முடியாது. அதனால்தான் ஹெக்சாஃப்ளூரோபென்சீன் உடையாமல் பிடிப்பதும் விடுவதுமாகவே இருக்கிறது.

ஃப்ளூரின் இருந்தாலே இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கரிம அமிலத்தைப் பென்டாஃப்ளூரோபென்சைல் புரோமைடால் எஸ்டராக்கினால் கதையே வேறு. எலெக்ட்ரானை இழுப்பது ஃப்ளூரின் வளையம்தான், ஆனால் அறுவது பென்சைல் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு; அமிலப் பகுதி எலெக்ட்ரானோடு தனியே போய்விடும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? டிடெக்டரின் வெப்பநிலையை, பொருள்களைப் பிரிக்கும் குழாய் (column) ஓட்டத்தின்போது எட்டும் உச்ச வெப்பநிலைக்குக் கீழே இறக்காதீர்கள், அழுக்கு படியும். எனவே பீக்குக்காக 200-க்குத் திரும்புவது நல்ல யோசனை அல்ல. இன்டர்னல் ஸ்டாண்டர்டை மாற்றுவதே என் யோசனை. தோலில் பென்டாகுளோரோபீனால் (பூஞ்சையைத் தடுக்கும் ஒரு குளோரின் சேர்மம்) பார்க்கும்போது டெட்ராகுளோரோகுவாயகோல் போடுவது வழக்கம். நீங்கள் பார்ப்பதும் அதுவானால், அதுவே உங்களுக்கும் பொருந்தும். ஹெக்சாஃப்ளூரோபென்சீன்தான் வேண்டும் என்றால் ஒரே வெப்பநிலையில் நிறுத்தி, அதே வெப்பநிலையில் கேலிபிரேஷன் (தெரிந்த அளவுகளை வைத்துப் போடும் ஒப்பீட்டு வரைகோடு) போடுங்கள். 200 டிகிரியில் போட்ட பழைய வரைகோட்டை 350-க்குப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: நிக்கல்-63-இன் அரையாயுள் சுமார் 100 ஆண்டுகள், சில வருடங்களில் தீர்ந்துபோகாது. அது கதிரியக்க மூலம். எந்தக் காரணத்துக்காகவும் அதை நீங்களாகத் திறக்க வேண்டாம்.