பூட்டுச் சின்னமும் நம்பகமும்

வணக்கம்.

முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எந்தத் தளத்திலும் விவரங்களைக் கொடுப்பேன். அதையும் இன்காக்னிட்டோவில்தான் திறப்பேன். இப்போது குரோமில் பூட்டையே காணோம். இனி எதை வைத்து ஒரு தளத்தை நம்புவது? அதில் எழுதியிருப்பது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

க.

அன்புள்ள க.,

பூட்டு போனது நல்லதற்குத்தான். 2023 செப்டம்பரில் வந்த 117ஆம் பதிப்பில் குரோம் அதை எடுத்துவிட்டது. பூட்டைப் பார்த்ததும் ‘இது நல்ல தளம்’ என்று பலர் நினைத்துக்கொண்டதே காரணம். உங்கள் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது. பூட்டுக்கு அவ்வளவுதான் பொருள். பூட்டு வரத் தேவையான சான்றிதழை வழங்கும் அமைப்புகள் பெரும்பாலும் சோதிப்பது, கேட்பவர் கையில் அந்த டொமைன், அதாவது தளத்தின் பதிவு செய்த பெயர், இருக்கிறதா என்பதை மட்டுமே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது. மோசடி செய்பவருக்கும் சில நிமிடங்களில் கிடைத்துவிடும்.

எனவே பார்க்க வேண்டியது முகவரியை. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். ‘வங்கிப்பெயர்.காம்.வேறுபெயர்.நெட்/லாகின்’ என்றிருந்தால் அந்தத் தளம் ‘வேறுபெயர்.நெட்’ வைத்திருப்பவருடையது. முன்னால் வரும் வங்கிப்பெயர் வெறும் ஒட்டு. டொமைன்காரர் அங்கே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கோ.யுகே போல இரண்டு துண்டாக முடியும் முகவரிகளில் மூன்றாம் துண்டு வரை பாருங்கள்.

இதிலும் கண் ஏமாறும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் போலவே இருக்கும். போன் திரையில் வித்தியாசமே தெரியாது. பாஸ்வேர்ட் மேனேஜர் ஏமாறாது. அது கடவுச்சொல்லை டொமைனோடு சேர்த்து வைத்திருப்பதால், ஓர் எழுத்து மாறினாலும் தானாக நிரப்பாது. ‘ஏதோ கோளாறு’ என்று நினைத்துக் கையால் தட்டச்சு செய்வார்கள் பாருங்கள், அங்கேதான் கடவுச்சொல் பறிபோகிறது. தயவுசெய்து அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஓடிபி இருக்கிறதே என்றும் தைரியம் கொள்ள வேண்டாம்: போலித் தளம் அதையும் கேட்டு வாங்கி, அந்தக் கணமே அசல் தளத்தில் போட்டுவிடும். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியில் இருக்கும் மறைச்சாவியான பாஸ்கீ டொமைனோடு கட்டப்பட்டது. அதை இப்படிக் கடத்த முடியாது.

இன்காக்னிட்டோ உங்கள் கருவியில் வரலாற்றையும் குக்கியையும் விட்டுவைக்காது, அவ்வளவுதான். இறக்கிய கோப்புகள் அப்படியே இருக்கும். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பொதுவாக இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். லாகின் செய்துவிட்டால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்பதே தெரியும்.

உண்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் பங்கெடுத்தார்கள். பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்த இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களில் எது நம்பத்தக்கது என்று பார்ப்பதும் அதில் இருந்தது. வரலாற்றாய்வாளர்களிலும் மாணவர்களிலும் பலர் பக்கத்துக்குள்ளேயே இருந்து லோகோவையும் டொமைனையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியே வந்து, புது டேப்களில் அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் எழுதியதைத் தேடினார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கம் அவர்களே எழுதிக்கொண்டது. தளத்தின் பெயரை கூகுளில் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி, ‘சைட்’, முக்காற்புள்ளி, டொமைன் ஆகிய நான்கையும் நடுவே இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் சேர்த்தால் அவர்களுடைய பக்கங்கள் விலகி, மற்றவர்கள் சொன்னது மட்டும் வரும். பத்துத் தளங்களில் ஒரே செய்தி இருந்தால் அதில் ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் தேடுங்கள். சொல் மாறாமல் எல்லாவற்றிலும் வந்தால் பத்தும் சேர்ந்து ஒரே சாட்சிதான். படமாக இருந்தால் டின்ஐ என்ற படத்தேடல் தளத்தில் ஏற்றி, மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். நேற்று நடந்ததாகச் சொல்லப்படும் படம் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கிடக்கலாம். எதுவும் சிக்கவில்லை என்பதற்காகப் படம் புதியது என்று முடிவு செய்துவிட வேண்டாம். பெருமளவு வெட்டியோ இடம் வலம் திருப்பியோ இருந்தால் தேடலில் தப்பிவிடலாம். திருப்பிப் போட்டு இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.