குவில்ட் தைக்கும் முன் மூன்று அடுக்குகளையும் பிடித்து வைக்க எது நல்லது: நூலா, ஊக்கா, பசையா?

குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. நீங்கள் தைக்கப்போவது 40க்கு 60 அங்குலத்தில் ஒரு குழந்தைக் குவில்ட், வீட்டுத் தையல் மெஷினில், நேர்க்கோடுகளாக என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஊக்கு. கையால் தைப்பதாக இருந்தால் நூல் என்றிருப்பேன். பசைத் தெளிப்பான் வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன் இதை முழுதும் படித்துவிடுங்கள்.

எந்த முறையானாலும் முதலில் விரிக்கும் வேலை சரியாக நடக்க வேண்டும். பின்பக்கம் சுருக்கம் விழுந்தால் ஊக்கைத் திட்டுகிறோம். பெரும்பாலும் அது விரித்த கையின் தவறு. அடித்துணியும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தைக்கத் தைக்கத் துணி உள்ளே வாங்கும். (பஞ்சு விரிப்பைக் கடையில் வாடிங் என்று கேளுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் பேட்டிங் என்ற பெயரைச் சொல்லி நான் ஒருமுறை விளையாட்டுச் சாமான் கடைக்கு வழி கேட்டவள் ஆனேன்.) மடிப்புக் கலைய, அதை முந்தின இரவே பிரித்துப் போட்டு வையுங்கள்.

அடித்துணிக்கு இஸ்திரி போட்டு, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். முதலில் எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில், பிறகுதான் மூலைகளில். துணி தொய்யாமல் நிற்க வேண்டும், அவ்வளவே. இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பி, மேலே உள்ள இரண்டையும் சேர்த்துச் சுருக்கிவிடும். என் முதல் குவில்ட் பொரித்த அப்பளம்போல் நெளிந்து நின்றது இதனால்தான். பிறகு பஞ்சு, அதன்மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்கள். மண்டியிட முடியாதவர்கள் சாப்பாட்டு மேசையில் பைண்டர் கிளிப்புகளால் பிடித்துக்கொண்டு, பகுதி பகுதியாக நகர்த்தியும் செய்யலாம்.

இனி ஊக்கு. நான்கு அங்குலத்துக்கு ஒன்று, அதாவது உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அதன் கீழ் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் அளவுக்கு நெடுக்கில் 15, குறுக்கில் 10 என்று சுமார் 150 ஊக்குகள். நடுவில் தொடங்கி வெளியே போங்கள். குவில்டுக்கென்றே முதுகு வளைந்த ஊக்கு கிடைக்கிறது. தரையில் கிடக்கும் துணியைக் குத்தி நுனியை மேலே கொண்டுவர அந்த வளைவு உதவும். கிடைக்காவிட்டால் ஒன்றரை அங்குல அளவில் சாதாரண ஊக்கே போதும். சேலைக்குக் குத்தும் பொடி ஊக்கு மூன்று அடுக்கைத் தாங்காது. தடித்த பெரிய ஊக்கு துளை விட்டுவிடும். குத்தும்போது எல்லாவற்றையும் திறந்தபடியே விட்டுவிட்டு, கடைசியில் மொத்தமாக மூடுங்கள். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் விரித்த துணி நகரும். ஐம்பதாவது ஊக்கில் கட்டைவிரல் எரியத் தொடங்கும். இடது கையில் ஒரு தேக்கரண்டி வைத்துக்கொண்டு, அதன் விளிம்பில் ஊக்கு நுனியை ஏற்றி, வலது கையால் மூடுங்கள். எளிய வித்தைதான், என் விரல்களைக் காப்பாற்றியது இதுதான். தைக்கப்போகும் கோடுகளின்மேல் ஊக்கு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மெஷினின் பாதம் நெருங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

ஊக்கு குத்திய குவில்டை மாதக்கணக்கில் கிடப்பில் போடக் கூடாது. நான் போட்டேன். ஐப்பசியில் குத்தி, அலமாரியில் வைத்து, தை பிறந்து எடுத்தபோது வெள்ளை அடித்துணியில் பழுப்பு நிறத்தில் சோடி சோடியாகப் புள்ளிகள், ஊசி நுழைந்த இடமும் வெளிவந்த இடமும் துல்லியமாக. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தேன். பாதி மங்கின, மீதி இன்றும் இருக்கின்றன.

கையால் தைப்பவர்களுக்கு நூலைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கும்போது ஊக்கு இடையில் மாட்டும், தைக்கும் நூலும் அதில் சிக்கும். நூலால் போடும் பெரிய ஓட்டுத் தையலுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எத்தனை மாதம் கிடந்தாலும் துருவும் பிடிக்காது. வங்காளத்தின் காந்தா என்ற போர்வைத் தையலிலும் பழைய சேலைகளை அடுக்கி முதலில் இப்படித்தான் நீளத் தையலால் பிடித்து வைக்கிறார்கள். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். அடர் நிற நூலைப் பிரித்தெடுத்தாலும் வெள்ளைத் துணியில் இழைத்துணுக்கு தங்கும். வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு மடங்கு நீளத்தில் நூலை வெட்டி, நடுவில் குத்தி, பாதியை வெளியே விட்டுவிட்டு ஓர் ஓரம் வரை தையுங்கள். பிறகு விட்ட பாதியை ஊசியில் கோத்து எதிர் ஓரத்துக்குப் போங்கள். நடுவில் முடிச்சே வராது. மெஷினில் தைப்பவர்களுக்கு மட்டும் இது சிரமம். நீளத் தையல் பாதத்தில் மாட்டும், மெஷின் தையல் அதன்மேல் ஏறிவிட்டால் பிறகு பிரிக்க நகம் தேயும்.

பசைத் தெளிப்பான் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்போ பூஜை விளக்கோ எரியும் வீட்டுக்குள் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து அடிக்க வேண்டும், தரையிலும் படியும். அதிகம் அடித்தால் ஊசியில் பசை ஏறித் தையல் தவறும். தலையணை உறை அளவுக்குச் சரி, 60 அங்குலத்துக்கு என் ஓட்டு இல்லை.

குழந்தைக்கான குவில்ட் என்பதால் ஒன்று. குத்தும் முன் ஊக்குகளை எண்ணி ஒரு டப்பாவின் மூடியில் எழுதி வையுங்கள், கழற்றிய பிறகு திரும்ப எண்ணுங்கள். 150க்கு 149 வந்தால் அந்த ஒன்று கிடைக்கும்வரை குவில்டைத் தொட்டிலில் விரிக்காதீர்கள். எனக்கு ஒருமுறை அது பஞ்சுக்குள் இருந்தது.