பதில் முந்தி, கேள்வி பிந்தி வந்தால்…
(வாசகர் கேள்வி – பதில்)

ஜப்பானியப் படக்கதைக் கலைஞர் யோஷிஹிரோ தத்சுமியின் சிறுகதைத் தொகுதிகள் மூன்று ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன். எதில் தொடங்கலாம்?
– வாசகர், திருச்சி

வெளிவந்த வரிசையில் வாசிக்காதீர்கள். முதலில் வந்த ‘த புஷ் மேன்’ (2005) தொகுதியில் இருப்பவை 1969ஆம் ஆண்டுக் கதைகள்; பெரும்பாலும் எட்டே பக்கம். கதாநாயகன் வாயே திறக்கமாட்டான். கதைக்குக் கதை ஆள் வேறு, முகம் கிட்டத்தட்ட அதேதான். ஒரே மூச்சில் புரட்டினால் ஐந்தாவது கதையில் அலுத்துவிடும். குறை கதையில் இல்லை, வாசிக்கிற வேகத்தில்.

அதனால் 1970ஆம் ஆண்டுக் கதைகள் கொண்ட ‘அபாண்டன் த ஓல்ட் இன் டோக்கியோ’வை (2006) முதலில் எடுங்கள். இதில் கதைகள் நீளம். அந்த மௌனத்துக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. தலைப்புக் கதையில் ஓர் இளைஞன், வயதான தாய்க்கும் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறான். வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம் என்ற பழைய ‘உபசுதே’ கதை தெரிந்திருந்தால் தலைப்பே குத்தும். அடுத்து ‘குட்-பை’ (2008). ‘புஷ் மேன்’ கடைசியில், நாளுக்கு இரண்டு கதை வீதம்.

மங்காவை (ஜப்பானியப் படக்கதை) வலமிருந்து இடமாகத்தானே வாசிக்க வேண்டும்? இந்தத் தொகுதிகள் ஏன் நம் புத்தகம் போலவே இருக்கின்றன?
– வாசகி, கோவை

ஜப்பானியப் பதிப்பு வலமிருந்து இடம்தான். இந்த மூன்றையும் ஆங்கில வாசகருக்காக இடமிருந்து வலமாக அமைத்திருக்கிறார்கள். மற்ற மங்காவில் சந்தேகம் வந்தால் ஒரு உரையாடல் பக்கத்தைப் பாருங்கள்: பதில் முந்தி, கேள்வி பிந்தி வந்தால் நீங்கள் தப்பான பக்கத்திலிருந்து வருகிறீர்கள்.

திசையை மாற்றப் படத்தைக் கண்ணாடி பிம்பம்போல் அப்படியே திருப்பினால் வேறு வம்பு. வலக்கைக்காரர் எல்லாம் இடக்கைக்காரர் ஆவார்கள். கிமோனோவில் அணிபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. கல்யாண வீட்டுக் காட்சியைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்!

தத்சுமியின் கதைகளைக் குறிக்கும் ‘கெகிகா’ என்பது மங்காதானே?
– வாசகர், சேலம்

வடிவத்தில் ஆம். குழந்தைகளுக்கான வேடிக்கைப் படக்கதையிலிருந்து பிரித்துக்காட்ட 1957இல் தத்சுமி சூட்டிய பெயர் அது. ‘நாடகப் படம்’ என்று சொல்லலாம். வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

‘குட்-பை’யில் வரும் ‘நரகம்’ கதையில், ஹிரோஷிமாச் சுவரில் தாய்க்குத் தோள் பிடித்துவிடும் மகனின் நிழல் பதிந்திருக்கிறது. அப்படிப் பதியுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதிந்திருக்கிறது. அணுகுண்டின் வெப்பக்கதிர் கல்லின் மேற்பரப்பை வெளுக்கவைத்தது. குறுக்கே ஆள் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருமையாக நின்றது. வானில் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து 260 மீட்டரில், சுமிதோமோ வங்கிக் கிளையின் வாசற்படியில் அப்படி ஒரு நிழல் இருந்தது. அந்தக் கல் இப்போது ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது.

தாய்–மகன் நிழல் மட்டும் தத்சுமியின் கற்பனை. நிழல் உருவத்தைத்தான் காட்டும், கை என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லாது. கதை முழுக்க அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. முடிவை இங்கே உடைக்கப் போவதில்லை. வாசித்து முடித்ததும் நிழல் வரும் முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய், மகனின் கைகளை இன்னொரு முறை பாருங்கள்.