வடிவம் வேறான இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளை ஒப்பிட

வணக்கம் நண்பரே. அம்பத்தூர் கிடங்கின் பழைய மென்பொருள் தரும் இருப்புப் பட்டியலும் புதியது தருவதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும், வரிக்கு வரி ஒப்பிடும் டிஃப் கருவியைப் போட்டால் எல்லா வரியும் வேறு என்று சிவப்பாகிறது என்கிறீர்கள். ஆகாமல் என்ன செய்யும்? பழையதில் சரக்குக் குறியீடு டேக்குக்குள்ளேயே எழுதிய அட்ரிபியூட், புதியதில் தனக்கென்று டேக் உள்ள தனி எலிமென்ட்.

ஒன்றை மற்றதைப் போல மாற்ற மெனக்கெடாதீர்கள். இரண்டையும் மூன்றாவதாக ஓர் எளிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: சரக்குக்கு ஒரு வரி, அதில் குறியீடு, அளவு, விலை மட்டும். இதற்கு ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) கோப்பு எழுத வேண்டும். அதிலேயே குறியீட்டின்படி வரிசைப்படுத்திவிடுங்கள். கூடுதல் இடைவெளிகளை நீக்க அதிலுள்ள நார்மலைஸ்-ஸ்பேஸ் செயல்கூறு. விலையை ஒரே வடிவில் எழுத ஃபார்மட்-நம்பர், இல்லாவிட்டால் 250-ம் 250.00-ம் வேறு வேறு என்று டிஃப் அடம்பிடிக்கும். அப்புறம் டிஃப் போடுங்கள், உண்மையான வித்தியாசம் மட்டும் மிஞ்சும்.

நீங்கள் ஒட்டிய புதிய கோப்பின் தலையில் எக்ஸ்எம்எல்என்எஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் அறிவிப்பு) இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த நேம்ஸ்பேஸுக்கு எக்ஸ்எஸ்எல்டியில் ஒரு முன்னொட்டு கொடுத்து, எந்த டேக்குக்கு என்று சொல்லும் மேட்ச்சில் அதைச் சேர்த்தே எழுத வேண்டும். விட்டால் பிழைச்செய்தியே வராது. நீங்கள் எழுதிய டெம்ப்ளேட் (மாற்று விதி) எதுவும் ஓடாமல் வெறும் எழுத்துகள் மட்டும் கொட்டும். பலர் முடியைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

எக்ஸ்எம்எல்லை ஒரே சீராக எழுத 2001-ல் வந்த கேனானிக்கல் எக்ஸ்எம்எல் என்ற தரம் போதாதா என்று கேட்டீர்கள். அது அட்ரிபியூட் வரிசையைச் சீராக்கும், காலி டேக்கை விரிக்கும், கட்டமைப்பைத் தொடாது. உங்கள் சிக்கலுக்கு அது மட்டும் உதவாது.

குறியீடு இல்லாத சரக்கு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எதை வைத்து ஜோடி சேர்ப்பது என்று கிடங்கில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.