தளத்தின் வேகம் கூகுள் தேடலில் நம் இடத்தை மாற்றுமா?

மாற்றும், ஆனால் உள்ளடக்கத்துக்கு அடுத்தபடியாகத்தான். தேடியவருக்கு வேண்டிய பதில் இல்லாத பக்கம் எவ்வளவு வேகமாகத் திறந்தும் பயனில்லை. ஒரே தரத்தில் பல பக்கங்கள் போட்டியிடும்போது வேகம் கைகொடுக்கும்.

கூகுளின் அளவுகோல்கள் மூன்று. பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும். இது 2024 மார்ச்சில் சேர்ந்தது. மூன்றாவது, எதுவும் இடம் மாறித் துள்ளக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும்போது மேலே விளம்பரம் வந்து விழ, தொடப்போன பொத்தான் கீழே நழுவுமே, அதுதான். வாசகரை இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. படத்துக்கும் விளம்பரத்துக்கும் அகல உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், இந்த அளவீடுகள் குரோமில் வரும் உண்மையான பயனர்களிடமிருந்து, கடந்த 28 நாட்களுக்குத் திரட்டப்படுபவை. இன்று திருத்தியதற்கு நாளையே பலன் தேடாதீர்கள். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில், இந்த மூன்று அளவுகோல்களுக்கான மொபைல் அறிக்கையைப் பார்த்து, அதிகம் பேர் வரும் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.