பதில் (2024 செப்டம்பர் கெடுவுக்கு முன் எழுதியது): டிவி-2024 லொத்தரில் (அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான குலுக்கல்) நண்பருக்கு நேர்முகக் கடிதம் வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை?

வணக்கம் தம்பி. இருவரும் தெரிவாகி, ஒரே நாளில் டிஎஸ்-260 என்ற இணைய விசா விண்ணப்பத்தை அனுப்பியும் நண்பரை மட்டும் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்துக்கு நேர்முகத்துக்கு அழைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். நேர்முகத்தின் வரிசை அனுப்பிய தேதியை வைத்து அல்ல, தெரிவானவருக்குக் கொடுக்கும் கேஸ் இலக்கத்தை வைத்துத்தான் நகரும்.

உங்கள் இலக்கத்தில் ஏஎஸ் என்ற எழுத்துக்கள் ஆசியாவைக் குறிக்கும். முன்னால் வரும் சுழியங்களை விட்டுவிட்டு மீதியைப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் மாதாமாதம் விடும் விசா புலட்டின் என்ற அறிவிப்பில் ஆசியாவுக்கு ஒரு எல்லை எண் இருக்கும். அது 5,000 என்றால் 4,999 வரைதான் அந்த மாதம் தகுதி. சரியாக 5,000 உள்ளவரும் காத்திருக்க வேண்டும். நேபாளத்துக்குத் தனி எண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அதே புலட்டினில் அடுத்த மாதத்துக்கான எண்ணும் முன்கூட்டியே வரும். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நண்பரின் இலக்கம் 3 ஆயிரத்துச் சொச்சம், உங்களுடையது 9 ஆயிரத்துக்கு மேல். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒரு கெடு உண்டு: 2024 செப்டம்பர் 30. அதற்குள் விசா கையில் வராவிட்டால் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆண்டு ஒதுக்கீடு அதற்கு முன்பே தீர்ந்தாலும் அப்படித்தான். தெரிவானது வாய்ப்பு மட்டுமே. அதனால் வேலையை விடுவது, காணியை விற்பது எதையும் இப்போது செய்யாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், லொத்தருக்கு விண்ணப்பித்தபோது கிடைத்த உறுதிப்படுத்தல் இலக்கத்தை எந்த முகவரிடமும் கொடுக்க வேண்டாம். நேர்முகத் தேதி, தெரிவான முடிவைப் பார்த்த அதே டிவி இணையத்தளத்தில்தான் வரும், அந்த இலக்கத்தைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.