மீன்தொட்டிக்குக் கல் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டடி நீளத் தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். கடையில் அலங்காரப் பாறை கிலோ 150 ரூபாய் என்கிறார்கள். தாமிரபரணியில் வேண்டிய மட்டும் கல் கிடக்கும்போது, அதையே எடுத்துப் போட்டால் என்ன? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆற்றுப் படுகையில் கிடக்கும் கல்லும் மணலும் அரசுக்கு உரியவை. அனுமதியின்றி அள்ளுவதற்கு 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் இடம் தருவதில்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு பக்கம் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் இருப்பதால், அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூடக் கையில் கொண்டு வரலாகாது.

ஆற்றை விட்டுவிட்டாலும் கல்லுக்குப் பஞ்சமில்லை. அஸ்திவாரக் கருங்கல் விற்பவரிடம் உடைசல் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். சொற்ப விலைக்கே தருவார்கள், சிலர் விலையே சொல்லமாட்டார்கள். நம் பகுதியில் உடைக்கப்படும் கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகையைச் சேர்ந்தது; இவை தண்ணீரின் தன்மையை மாற்றுவதில்லை. புதிதாக உடைந்த கல்லின் விளிம்பு கத்தி போலிருக்கும் என்பதால், மீனின் துடுப்பைக் கிழிக்காதபடி சுத்தியலால் தட்டி மழுக்கிக் கொள்ள வேண்டும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாசற்படிக் கல்லின் துண்டு கிடைத்தால் அது இன்னும் நல்லது. உடைந்த அம்மியை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். பல்லாண்டுகளாக மிளகாயும் எண்ணெயும் ஊறிய கல் அது. மீன் ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டுமானால் காருகுறிச்சி மண்பானையின் உடைந்த பாதியே போதும். சாயமும் வார்னிஷும் பூசாததாக இருக்க வேண்டும்.

வயல் வாய்க்கால் ஓரத்திலோ, பணிமனைகளின் கழிவெண்ணெய் சிந்தும் இடத்திலோ கிடந்த கல்லைத் தொடவே வேண்டாம். பூச்சிமருந்தும் எண்ணெயும் நுண்துளைகளில் இறங்கிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் முழுமையாக வெளியேறமாட்டா.

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் கிடைத்த வெள்ளைக் கற்களைத் தொட்டியில் அடுக்கினேன். சில வாரங்களில் தண்ணீரின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) 7இலிருந்து 8ஐத் தாண்டிவிட்டது. காரணம் கல்லா, தண்ணீரா? – வாசகர், தாழையூத்து

பதில்: சிமென்ட் ஆலைக்கே சுண்ணாம்புக்கல் கொடுத்த ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருக்கிறது என்பதால், முதலில் கல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நீரில் மெல்லக் கரைந்து பி.எச்.ஐ உயர்த்திவிடும். வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) படிகச் சுண்ணாம்புக்கல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே வெள்ளையாகப் பளபளக்கும். ஓர் இரும்பு ஆணியை எடுத்து அழுத்திக் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் பள்ளமாகக் கோடு விழுந்து வெள்ளைத்தூள் உதிரும். வெங்கச்சங்கல்லில் ஆணிதான் தேய்ந்து, கல்லின்மேல் சாம்பல் நிற இரும்புத் தடம் விட்டுப் போகும்.

பிறகு அந்தக் கீறலின்மேல் வினிகர் சில சொட்டு விட்டுக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நுண்ணிய குமிழிகள் எழுந்தால் சுண்ணாம்பு உண்டு என்று பொருள். வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால், முழுக்கல்லில் குமிழி தெரியாமல் போய், சுரண்டிய தூளில் மட்டும் தெரிவதுண்டு. ஆகவே தூளில் சோதிப்பதே நம்பகமானது. கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். கண்ணையும் கையையும் பணயம் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை அன்று அது.

இன்னும் ஐயம் இருந்தால், ஒரே தண்ணீரை இரண்டு வாளிகளில் பிடித்து, ஒன்றில் மட்டும் கல்லைப் போட்டு ஒரு வாரம் கழித்து இரண்டின் பி.எச்., கடினத்தன்மை ஆகியவற்றை அளந்து ஒப்பிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருந்தால் அதுவும் இதில் வெளிப்பட்டுவிடும். கிணறு வெட்டிய மேட்டில் கிடக்கும் சுக்கான்கல்லும் சுண்ணாம்புக் கல்லே. இவற்றை வீணென்று எறிய வேண்டியதில்லை. மோலி, கப்பி, ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்கள் ஆகியவற்றுக்குக் கடினநீர் உகந்தது. டெட்ரா போன்று மென்னீரை நாடும் மீன்களுக்குத்தான் இக்கற்கள் ஆகா.

கேள்வி: கல்லில் பொன்போல மின்னுகிறதே, ஆபத்தா? கல்லை வேகவைத்துத்தான் போட வேண்டுமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நகத்தால் ஏடு ஏடாக உரிந்து வந்தால் அது காக்காப்பொன், அதனால் கெடுதி இல்லை. உரியாமல் பித்தளை நிறத்தில் மணிமணியாக மின்னி, சுற்றிலும் துருக்கறை படிந்திருந்தால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாதுவாக இருக்கலாம், அக்கல்லை ஒதுக்கிவிடுங்கள். பச்சை அல்லது நீலப் படிவு செம்பின் அடையாளமாக இருக்கலாம். மீனுக்கும் இறாலுக்கும் செம்பு ஆகாது.

வேகவைப்பதை நான் ஏற்கவில்லை. கல்லின் இடுக்கில் சிக்கிய நீரும் காற்றும் சூட்டில் விரிந்து கல்லே வெடித்துச் சிதறக்கூடும். அடுப்பில் சுடுவதும் அப்படியே. சோப்பின்றித் தேங்காய் நாராலோ கெட்டியான பிரஷ்ஷாலோ தேய்த்து, வாளியில் சில நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, பிறகு நம் ஊர் வெயிலில் நன்றாகக் காயவைத்தாலே பெரும்பாலான கற்களுக்குப் போதும். நோய் கண்ட தொட்டியிலிருந்தோ குளத்திலிருந்தோ வந்த கல்லானால், ஒரு பங்கு மணமற்ற திரவ பிளீச்சுக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, பலமுறை அலசி, நெடி அறவே போகும்வரை உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அது சுண்ணாம்பைக் கல்லிலேயே விட்டுச் செல்லும்.

கேள்வி: திருச்செந்தூர்க் கடலோரத்தில் ஒதுங்கும் பவளக்கல்லைப் போடலாமா? – வாசகர், நாங்குநேரி

பதில்: கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்து ஒதுங்கியதாயினும் எடுப்பது குற்றம்.

கேள்வி: கல்லின் கனத்தில் கண்ணாடி உடையாதா? – வாசகர், களக்காடு

பதில்: கனத்தைவிட ஒரே புள்ளியில் விழும் அழுத்தமே கண்ணாடியை உடைக்கிறது. 60 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டி நிறையத் தண்ணீர் 54 கிலோ. 10 கிலோ கருங்கல் ஏறத்தாழ 3.7 லிட்டர் நீரை வெளியேற்றுவதால், அதே நீர்மட்டத்தில் கூடுதல் கனம் ஆறு கிலோவுக்குச் சற்று மேல்தான். தொட்டியின் அடியில் தெர்மாகோல் விரித்து, உள்ளே கண்ணாடியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை இட்டு, அதன்மேல் கல்லை அசையாமல் நிறுத்திவிட்டுப் பிறகே மணலைக் கொட்டுங்கள். மணலின்மேல் கல்லை அடுக்கினால், தோண்டும் பழக்கமுள்ள சிக்லிட் ஒன்றே அதைச் சாய்த்துவிடும்.